எழுதச் சொல்லும் முன் சொல்ல வேண்டியவை

கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவருக்கு முதல் வாரத்திலேயே பல விதிகள் அறிவிக்கப்படுகின்றன. எவ்வகை உடையில் வர வேண்டும், அடையாள அட்டையை எப்படி அணிய வேண்டும், கைப்பேசியை எங்கே வைக்க வேண்டும், கட்டணத்தை எந்நாளுக்குள் செலுத்த வேண்டும் என்பன யாவும் அறிவிப்புப் பலகையில் இடம்பெறுகின்றன. அடுத்த மூன்றாண்டுகளும் அவர் எதைக் கொண்டு மதிப்பிடப்படப் போகிறாரோ, அந்த எழுத்தைப் பற்றி மட்டும் பெரும்பாலும் ஒரு சொல்லும் இராது. கட்டுரை என்று ஆசிரியர் எதைக் கருதுகிறார்? பிறர் நூலிலிருந்து எடுத்ததை எவ்வாறு குறிப்பது? பிழை நேர்ந்தால் திருத்தி எழுத வாய்ப்பு உண்டா? நாள் தவறினால் என்ன ஆகும்? செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதலாமா? இவ்வினாக்கள் எதற்கும் விடை கூறாமலேயே மாணவரை எழுதச் சொல்கிறோம். எழுதி வந்த பிறகு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்று குறை கூறுகிறோம். இது நீதியன்று.

சேலம் மாவட்டத்து மேச்சேரி வட்டாரப் பிள்ளைகளை மனத்தில் இருத்தியே இதைக் கூறுகிறோம். இங்கிருந்து சிலர் மேட்டூருக்குச் செல்கின்றனர். பெரியார் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாகத் தொடங்கப்பெற்ற கலை அறிவியல் கல்லூரி அங்குள்ளது. சிலர் ஓமலூர் வழியாகச் சேலம் செல்கின்றனர். நங்கவள்ளியிலும் ஜலகண்டாபுரத்திலும் தறி ஓட்டும் வீட்டிலிருந்து வருபவர் உண்டு. ஆடு வளர்ப்போர், ஒப்பந்தக் கூலிக்கு ஆலைக்குச் செல்வோர், மானாவாரிக் காட்டில் சோளமும் நிலக்கடலையும் விதைப்போர் ஆகியோரின் மக்கள் உண்டு. அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதிக்கும் முதல் தலைமுறையினர். 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரியோ 28.4. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் பயின்று வந்தோருக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கி அந்த வாயிலை மேலும் அகலமாக்கியுள்ளன. இவை பெருமைக்குரிய செய்திகளே. ஆயினும் வாயிலைத் திறந்துவிட்டவர்களுக்கு, உள்ளே வந்தவரிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று தெளிவாகச் சொல்லும் கடமையும் இருக்கிறது.

சொல்லாமல் விடுவதால் எல்லோரும் ஒருபோலத் துன்புறுவதில்லை என்பதையும் நோக்க வேண்டும். பட்டம் பெற்ற தாய் தந்தையரின் பிள்ளைக்கு வீட்டிலேயே வழிகாட்டல் கிடைத்துவிடுகிறது. பேராசிரியர் என்ன விரும்புவார், ஒரு கட்டுரையை எங்கே தொடங்கலாம், விளங்காததை ஆசிரியர் அறைக்குச் சென்று கேட்பது தவறாகாது என்பனவற்றை அப்பிள்ளை உணவு உண்ணும் வேளையிலேயே கேட்டறிகிறது. தறிக்குழியில் கால் வைத்து நாளைக் கழிக்கும் தந்தை தம் மகளுக்கு அன்பையும் உழைப்பையும் தர இயலும். கல்லூரியின் எழுதா விதிகளை அவர் எங்கிருந்து தருவார்? ஆகவே விதியை எழுதி வைக்காத கல்லூரி, தான் அறியாமலே முன்னேறியவர் பக்கம் நின்றுவிடுகிறது. எழுதி அறிவிக்கப்பட்ட விதி எளியவருக்கே முதலில் பயன்படும்.

தமிழ்நாட்டின் இளங்கலைப் படிப்பில் எழுத்துப் பயிற்சி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பகுதி ஒன்று தமிழ் அல்லது பிறமொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம் என்னும் அமைப்பு நெடுங்காலமாக நிலைபெற்றது. முதலாண்டில் எத்துறை மாணவரும் இவ்விரு மொழிப் பாடங்களையும் பயின்றாக வேண்டும். வணிகவியல் மாணவரும் வேதியியல் மாணவரும் ஒரே மொழி வகுப்பில் அமர்கின்றனர். மேனாட்டுக் கல்லூரிகளில் முதலாண்டு எழுத்துப் பாடம் என்று தனியே வழங்குவதற்கு நம்மிடம் நேரானது இவ்விரு மொழிப் பாடங்களே. ஆனால் அவற்றுள் எழுதக் கற்பிக்கும் பகுதி மிகச் சிறிது. செய்யுள், சிறுகதை, உரைநடை, இலக்கிய வரலாறு, இலக்கணம் என்று அலகுகள் வரிசையாக நிற்க, கடிதமும் கட்டுரையும் இறுதியில் ஒதுங்கி நிற்கின்றன. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் அவ்விறுதி அலகே முதலில் பலியாகிறது. இலக்கியம் குறைய வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஒரு சிறுகதையைப் படித்த மாணவர் அதைப் பற்றித் தம் சொந்தச் சொற்களில் ஒரு பக்கம் எழுதினால் இலக்கியமும் எழுத்தும் ஒருசேர வளரும். இன்றைய நடைமுறையில் அம்மாணவர் எழுதுவது கதைச் சுருக்கம். அதுவும் உரைநூலில் அச்சான சுருக்கம்.

பள்ளி அவரை அவ்வாறே பழக்கியது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வினாவுக்குரிய விடை நூலில் எந்தப் பத்தியில் உள்ளது என்பதை அறிந்து, அதை முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்னும் சட்டத்தில் பொருத்தியவருக்கே மதிப்பெண். அச்சட்டத்தைப் பிழையின்றிக் கற்று, தொண்ணூறுக்கு மேல் பெற்று வந்தவரைக் கல்லூரி ஒரே நாளில் மனப்பாடக்காரர் என்று இகழ்கிறது. நேற்றுவரை பாராட்டப்பட்டது இன்று குற்றமாயிற்று என்றால், அந்த மாற்றத்தை யாரேனும் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

இந்நிலையின் முழு உருவத்தையும் காண விரும்புவோர் அகமதிப்பீட்டுக்காகத் தரப்படும் ஒப்படைவை எடுத்துப் பார்க்கலாம். மாணவர் வழக்கில் அது அசைன்மெண்ட். பல கல்லூரிகளில் நூற்றுக்கு இருபத்தைந்து மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கு உரியது. அதில் ஒரு கூறு இந்த ஒப்படைவு. தலைப்பு அறிவிக்கப்படுகிறது. வகுப்பில் ஒருவர் இணையத்திலிருந்தோ பழைய மாணவரின் தாளிலிருந்தோ எழுதுகிறார். மற்றவர் அவரைப் பார்த்து எழுதுகின்றனர். முதல் பக்கத்தில் வண்ணப் பேனாவால் பூவேலை நடக்கிறது. ஆசிரியர் பக்கங்களை எண்ணிப் பார்த்து, முகப்பின் மூலையில் மதிப்பெண் இட்டுக் கையொப்பமிடுகிறார். இது படிக்கப்படாது என்பது எழுதியவருக்குத் தெரியும். இது எழுதப்பட்டதன்று என்பது கையொப்பமிட்டவருக்கும் தெரியும். இருவரும் அறிந்தே செய்யும் இந்தப் பொய் ஒரு பருவத்தில் பல முறை, மூன்றாண்டுகள் நடைபெறுகிறது. பதினெட்டு வயதில் ஒருவர் கல்வி நிலையத்திடமிருந்து கற்கும் முதல் பாடம் இதுவாக இருப்பதை எண்ணும்போது நமக்கு ஆற்றொணாத வருத்தம் உண்டாகிறது.

சட்டம் இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். பல்கலைக்கழக மானியக்குழு 2018-இல் கல்வி நேர்மை குறித்தும் எழுத்துத் திருட்டைத் தடுப்பது குறித்தும் ஒழுங்குமுறை ஒன்றை வெளியிட்டது. அதன்படி ஓர் ஆய்வேட்டில் பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் நாற்பது வரை இருந்தால், ஆறு திங்களுக்கு மிகாத காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். நாற்பது முதல் அறுபது வரை இருந்தால் ஓராண்டுக்குத் திருத்தித் தரவும் தடை. அறுபதைத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். இவ்வளவு கண்டிப்பான அந்த ஒழுங்குமுறை, வகுப்பு ஒப்படைவுகளையும் பருவக் கட்டுரைகளையும் விடைத்தாள்களையும் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஆய்வு மாணவரிடம் விழுக்காடு கணக்கிடும் சட்டம் முதலாண்டு மாணவரிடம் பேசவே இல்லை. ஒருவகையில் அது சரியே. கற்கத் தொடங்குபவரைத் தண்டனைச் சட்டத்தால் அச்சுறுத்தலாகாது. ஆனால் அதன் விளைவாக, முதலாண்டில் எது நேர்மை என்பதை அந்தந்தக் கல்லூரியே, அந்தந்த ஆசிரியரே வகுக்க வேண்டியதாயிற்று. அவர்கள் வகுக்காவிடில் வேறு யாரும் வகுக்கப்போவதில்லை. மூன்றாண்டு பார்த்தெழுதிப் பட்டம் பெற்று, முதுகலையில் மேலும் ஈராண்டு பார்த்தெழுதி, பின் ஆய்வேட்டை எழுதும்போது மென்பொருளிடம் அகப்படுபவருக்கு, அவர் இத்தனை காலமும் செய்தது தவறு என்று முதன்முதலில் சொல்வது அந்த மென்பொருள்தான்.

எதிர்பார்ப்பை முன்னதாகச் சொல்லுதல் என்பது மேனாட்டிலிருந்து நாம் கடன் வாங்க வேண்டிய கருத்தன்று. பவணந்தி முனிவரின் நன்னூல் எழுத்து, சொல் என்று இலக்கணத்துக்குள் நுழையும் முன், பொதுப்பாயிரத்தில் ஐந்து பொருள்களைப் பேசுகிறது. நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, கற்பிக்கும் முறை, மாணாக்கர் இயல்பு, கற்கும் முறை என்பன அவை. நூல் எவ்வாறு இருக்கலாகாது என்பதற்குப் பத்துக் குற்றங்களைப் பெயரிட்டுச் சொல்கிறது. கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் போன்ற அப்பெயர்களை இன்றைய முதலாண்டு மாணவரின் கட்டுரை ஓரத்தில் எழுதினாலும் அவர் குறையைப் புரிந்துகொள்வார். சிவப்பு மையால் வெறுமனே கோடிடுவதைவிட அது எத்துணையோ மேல். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நன்னூல் மாணாக்கருக்கு மட்டும் விதி வகுத்து நிற்கவில்லை. நல்லாசிரியர் இலக்கணத்தைக் கூறியதோடு, ஆசிரியர் ஆகத் தகாதவர் எத்தகையவர் என்பதையும் உவமைகளோடு விளக்குகிறது. விதி என்பது இருபுறமும் கட்டும் உடன்படிக்கை என்னும் தெளிவு அந்நூலுக்கு இருந்தது. மாணவர் செய்யத்தக்கவற்றையும் செய்யத்தகாதவற்றையும் மட்டுமே பட்டியலிடும் நம் காலத்துச் சுற்றறிக்கைகளுக்கு அத்தெளிவு இல்லை.

பிறரிடமிருந்து பெற்றதை ஒப்புக்கொள்ளும் நாணயத்துக்கும் நம் வழக்கிலேயே உயர்ந்த சான்று உண்டு. அதில் சேலத்துக்கும் பங்குண்டு. உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்ற 1880ஆம் ஆண்டில், அவ்வூரில் முன்சீபாக வந்து அமர்ந்தவர் சேலம் இராமசாமி முதலியார். அவரைக் கண்டபோது ஐயர், தாம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகக் கூறினார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவி, ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய தம் படியையும் கொடுத்தார். ஒரு கற்றவர் மற்றொரு கற்றவரிடம் எதிர்பார்ப்பு இன்னது என்று வெளிப்படையாகக் கூறிய நிகழ்ச்சி அது. அவ்வினா இல்லையேல் 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்திராது. அந்நூலைப் பதிப்பிக்கத் தொடங்கிய ஐயர், சமண சமயச் செய்திகள் தமக்கு விளங்காதபோது கும்பகோணத்துச் சைனர் வீடுகளுக்குச் சென்று கேட்டறிந்தார். அவர்தம் பதிப்புகளின் முகவுரைகளைத் திறந்து பாருங்கள். ஏடு கொடுத்தவர் யார், எந்த ஊரிலிருந்து கிடைத்தது, ஐயம் தீர்த்தவர் யார், பொருளுதவி செய்தவர் யார் என்பன நன்றியோடு நிரல்பட நிற்கும். மேற்கோள் காட்டும் முறை என்று நாம் இன்று மாணவருக்குச் சலிப்போடு கற்பிப்பதன் உயிர் அந்த முகவுரைகளில் இருக்கிறது. அடிக்குறிப்பின் நிறுத்தற்குறிகளை முதலாண்டில் கற்பிக்க முற்படாமல், ஐயரின் முகவுரை ஒன்றை வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் செய்வதே சிறந்த தொடக்கமாகும் என்பது நம் கருத்து. பெற்றவற்றைச் சொல்வதால் ஐயர் சிறுக்கவில்லை என்பதை மாணவர் தாமே காண்பர்.

மேனாட்டு வரலாற்றிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஆர்வர்டு கல்லூரி 1870-களில் நுழைவுத் தேர்வில் கட்டுரையைச் சேர்த்தது. வந்த விடைகளைக் கண்டு பேராசிரியர்கள் மனம் வெதும்பினர். 1885-இல் ஆடம்சு செர்மன் ஹில் என்பவரின் பொறுப்பில் முதலாண்டு மாணவருக்கெனக் கட்டுரைப் பாடம் நிலைபெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் அக்கல்லூரி அமைத்த குழு, குறையெல்லாம் பள்ளிகளுடையது என்று அறிக்கை தந்தது. செல்வமும் புகழும் மிக்க குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றிய முறையீடு அது. ஆகவே நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்னும் புலம்பலைக் கேட்கும்போது, எழுதத் தெரியாமல் கல்லூரிக்கு வருவது எங்கும் எக்காலத்தும் இயல்பே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அக்குறையைப் போக்கவே முதலாண்டு இருக்கிறது.

இப்பொழுது செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், ஒப்படைவுக்கு நண்பரின் தாளைத் தேடும் தேவையும் போயிற்று. தலைப்பைத் தட்டச்சிட்டால் தமிழிலேயே கட்டுரை வந்து நிற்கிறது. கல்லூரிகள் இதற்கு இருவகையாக எதிர்வினையாற்றுகின்றன. ஒன்று, காணாததுபோல் இருத்தல். மற்றொன்று, கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்புதல். இரண்டாவதன் வலிமை எவ்வளவு என்பதற்கு ஒரு செய்தி போதும்: சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, இயந்திரம் எழுதியதை அடையாளம் காண வெளியிட்ட தன் கருவியை, அதன் துல்லியம் குறைவென்று 2023 சூலையில் விலக்கிக்கொண்டது. செய்தவருக்கே எட்டாத தீர்ப்பை ஒரு துறைத் தலைவர் மென்பொருளின் விழுக்காட்டைக் காட்டி மாணவர்மேல் சுமத்துவாராயின், உண்மையில் தாமே எழுதிய பிள்ளை குற்றவாளியாக்கப்படும் நாளும் வரும். நன்றாக எழுதியதே ஐயத்துக்குக் காரணம் ஆகுமென்றால், எந்தப் பிள்ளை நன்றாக எழுதத் துணியும்?

எனவே விதி வேறிடத்தில் இருக்க வேண்டும். கருவியைப் பயன்படுத்தினால் எதற்குப் பயன்படுத்தினேன் என்று கட்டுரையின் இறுதியில் இரண்டு வரி எழுதுக என்னும் விதி போதும். சொல்லின் பொருள் கேட்டதும் எழுத்துப்பிழை பார்த்ததும் குற்றமாகா. கருத்தையும் வாக்கியத்தையும் வாங்கித் தம்முடையதென்று தருவதே குற்றம். முதலாண்டின் மதிப்பெண்ணில் பெரும்பகுதி வகுப்பறையிலேயே, கையாலேயே எழுதப்படும் சிறு பத்திகளுக்கு உரியதாகட்டும். வீட்டில் எழுதிவந்த கட்டுரையைப் பற்றி ஆசிரியர் மூன்று வினா கேட்கட்டும். எழுதியவர் விடை சொல்லத் திணறமாட்டார்.

எல்லாவற்றினும் மேலான காவல், தலைப்பிலேயே இருக்கிறது. ‘கல்வியின் சிறப்பு’, ‘சுற்றுச்சூழல் மாசு’, ‘இணையத்தின் நன்மை தீமைகள்’ என்று தலைப்பிட்டுவிட்டுப் பார்த்தெழுதாதே என்பது பொருந்தாது. அத்தலைப்புகளில் புதிதாகச் சொல்ல ஆசிரியருக்கே ஒன்றும் இராது. மேச்சேரிப் பிள்ளைக்கு மேச்சேரியைத் தாருங்கள். இவ்வூரின் பெயரைத் தாங்கிய செம்மறியாடு நாடறிந்தது. கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பில்லாத, இளம்பழுப்பு நிறமுடைய அந்த இனத்தின் தோல் மிக உயர்ந்த தரம் வாய்ந்தது. அதற்கென்றே பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. சந்தையில் ஓர் ஆட்டின் வயதையும் எடையையும் வாங்குபவர் எப்படிக் கணிக்கிறார், தரகர் இரு தரப்புக்கும் நடுவே எவ்வாறு விலையை நகர்த்துகிறார் என்பதை நேரில் நின்று பார்த்து இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இணையத்தில் எங்கே தேடினாலும் அந்த நாளின் அந்தப் பேரம் கிடைக்காது.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டபோது நீரில் மூழ்கிய ஊர்கள் பல. நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடி நந்தியும் பழைய கிறித்தவக் கோயிலின் கோபுரங்களும் வெளித் தெரிகின்றன. அவ்வூர்களிலிருந்து பெயர்ந்தோரின் வழித்தோன்றல்கள் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். தம் பாட்டியிடம் அமர்ந்து, அவர் தம் முன்னோரிடம் கேட்டதைக் கேட்டு, யார் சொன்னார், எப்போது சொன்னார், எந்த இடத்தில் அவர் நினைவு ஐயத்துக்குரியது என்பதையும் குறித்து எழுதும் மாணவர், மேற்கோள் காட்டுதலையும் சான்றை எடைபோடுதலையும் ஒருசேரக் கற்றுவிடுகிறார். பாவு ஓட்டுவதிலிருந்து சேலை மடிப்பது வரை ஒரு தறிவீட்டில் நடக்கும் வேலையை, அதைக் கண்டிராத ஒருவருக்கு விளங்கும்படி எழுதுவது எளிய பயிற்சியன்று. அறிவியல் மாணவர் ஆய்வகக் குறிப்பை எழுதுவதற்கும் வணிகவியல் மாணவர் அறிக்கை வரைவதற்கும் அதைவிட நல்ல முன்பயிற்சி நமக்குத் தெரியவில்லை. தன் வீட்டுத் தொழில் கல்லூரியில் எழுதத்தக்க பொருள் என்று ஒரு மாணவி உணரும்போது அவள் நிமிர்ந்து அமர்கிறாள் என்பதை அத்தகைய வகுப்பு நடத்தியவர் அறிவர்.

திருத்தி எழுதுதல் குறித்தும் ஒரு விதி வேண்டும். நம் கல்லூரிகளில் கட்டுரை என்பது ஒரே முறை எழுதப்படுவது. மதிப்பெண் விழுந்ததும் அதன் ஆயுள் முடிகிறது. முதற்படிக்கு மதிப்பெண் இடாமல் இரண்டு கருத்து மட்டும் எழுதித் திருப்பித் தந்து, இரண்டாம் படிக்கே மதிப்பெண் என்று அறிவித்தால், பிழையைக் கண்டு அஞ்சும் பழக்கம் குறையும். சேலத்துப் பேச்சு நடை கட்டுரையில் நுழைந்தால் அதைக் கேலி செய்யலாகாது. அது வீட்டு மொழி, இது எழுத்து மொழி, இரண்டும் நினக்கு உரியவை என்று கூறி இடம் அறிந்து வழங்கக் கற்பிக்க வேண்டும். ஆங்கில வகுப்பில் எழுதும் பிள்ளை முதலில் தமிழில் குறிப்பெடுத்துச் சிந்திப்பதற்குத் தடை இருத்தல் கூடாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதன்மைத் தேர்வுகளில் கட்டாயத் தமிழ்மொழித் தகுதித்தாள் மொழிபெயர்ப்பையும் சுருக்கி வரைதலையும் கடிதத்தையும் கட்டுரையையும் கேட்கிறது. நூற்றுக்கு நாற்பது பெறாதவரின் ஏனைய தாள்கள் திருத்தப்படுவதில்லை. மனப்பாடத்தால் அதைக் கடப்பது அரிது. ஆகவே இதைப் பிழைப்போடு தொடர்பற்ற பேச்சென்று எவரும் தள்ள வேண்டாம்.

வருகைப் பதிவும் நாள் கெடுவும் தனியே கருதத்தக்கவை. எழுபத்தைந்து விழுக்காடு வருகை என்னும் விதி பொதுவாக எங்கும் உண்டு. எழுத்து வகுப்புக்கு அது மிகவும் தேவையானதே. அங்கே வராதவர் பயிற்சியை இழக்கிறார். ஆனால் காலை முதல் பேருந்து வராத நாளையும், பண்டிகைக்கு முன் தறியில் இரவு பகலாக வேலை நடக்கும் கிழமையையும் விதி அறிந்திருக்க வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை காரணம் கேட்கப்படாமலே ஒரு வாரம் தாமதிக்கலாம் என்று முதல் நாளே அறிவித்துவிட்டால், மருத்துவச் சான்றிதழ் தேடிப் பொய் சொல்லும் இழிவு மாணவருக்கு வராது. அதற்கு மேற்பட்ட தாமதத்துக்குக் கண்டிப்பு இருக்கட்டும். இவ்விதிகள் அனைத்தும் ஒரே தாளில், எளிய தமிழில், முதல் வகுப்பில் ஒவ்வொருவர் கையிலும் தரப்பட வேண்டும். முதல் மணிநேரம் அதைப் படித்து விளக்குவதற்கே செலவாகட்டும். அந்நேரம் வீணாகாது.

விதி என்பது இருபுறமும் கட்டும் உடன்படிக்கை என்று மேலே சொன்னதற்கேற்ப, அத்தாளின் மறுபாதியில் ஆசிரியரின் கடமைகள் இருக்க வேண்டும். எழுதியதை நான் படிப்பேன், இன்ன நாளுக்குள் திருப்பித் தருவேன், மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்வேன் என்று ஆசிரியர் எழுதித் தர வேண்டும். இதை எழுதித் தர மனமிருந்தும் இயலாத நிலையில் ஆசிரியர் இருக்கிறார் என்பதே உண்மை. கணக்கிட்டுப் பார்ப்போம். அறுபது பேர் கொண்ட ஒரு வகுப்பு வாரம் ஒரு பக்கம் எழுதுகிறது. ஒரு பக்கத்தைக் கருத்தோடு படித்து இரண்டு வரி எழுதப் பத்து நிமிடம் என்றால் அறுநூறு நிமிடம், அதாவது பத்து மணிநேரம். ஓர் உதவிப் பேராசிரியருக்கு மானியக்குழு வகுத்த கற்பித்தல் நேரம் வாரத்துக்குப் பதினாறு மணி. மொழி ஆசிரியருக்கு அதில் மூன்று நான்கு வகுப்புகள் அடங்கும். படிக்கும் நேரம் மட்டும் முப்பது நாற்பது மணிநேரம் ஆகிறது. எந்த மனிதரும் இதைச் செய்ய இயலாது. பக்கங்களை எண்ணிக் கையொப்பமிடும் பழக்கம் சோம்பலிலிருந்து மட்டும் பிறந்ததன்று.

வகுப்பைப் பாதியாகப் பிரித்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எழுதச் செய்யலாம். பக்கத்தைப் பத்தியாகச் சுருக்கலாம். மாணவர் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கருத்துரைக்கலாம். இவை ஆசிரியரின் கையில் உள்ளவை. எழுத்து வகுப்புக்கு முப்பது பேருக்கு மேல் கூடாது என்று வரையறுப்பதும், கட்டுரை திருத்தும் நேரத்தைக் கற்பித்தல் நேரமாகக் கணக்கிடுவதும் பெரியார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுக்கள் கையிலும், 2023-இல் மாதிரிப் பாடத்திட்டம் வகுத்த மாநில உயர்கல்வி மன்றத்தின் கையிலும், அரசின் கையிலும் உள்ளவை. நம் அரசுக் கல்லூரிகளில் முதலாண்டு மொழி வகுப்புகளைத் தாங்குவோரில் பலர் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு அரசு நிர்ணயித்த தொகுப்பூதியம் திங்களுக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் என்னும் அளவிலேயே நின்றது. மானியக்குழு 2019-இல் பரிந்துரைத்த உச்ச அளவோ ஐம்பதாயிரம். அடுத்த ஆண்டு பணி தொடருமா என்பதை அறியாதவரிடம், மாணவரின் இரண்டாம் படியையும் பொறுமையோடு படித்துத் திருத்துக என்று கேட்கிறோம். கேட்பதற்குரிய தகுதியை அரசு பெற வேண்டுமானால் நிரந்தரப் பணியிடங்களை நிரப்புவதும், அதுவரை மானியக்குழுவின் அளவுக்கு ஊதியத்தை உயர்த்துவதும் வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் நடந்தாக வேண்டும்.